காலடியில் ஒரு காகிதம்

ஜூடோ வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு 12 வயது. அது 1976. முதல் ஆறு வாரம் யாரையும் தூக்கிப் போட எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. விழத்தான் சொல்லித் தந்தார்கள். மல்லாந்து விழு, பக்கவாட்டில் விழு, முன்னால் உருண்டு எழு. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள், பின்மண்டை பாயில் படக்கூடாது. முதுகு பாயைத் தொடும் அதே நொடியில் கையை நீட்டி உள்ளங்கையும் முன்கையும் ஒன்றாகப் பாயில் அறைய வேண்டும். விழும் வேகத்தில் ஒரு பங்கை அந்தக் கை வாங்கிக்கொள்ளும், முதுகுக்கும் இடுப்புக்கும் மிச்சம்தான் போகும். இதற்கு உகேமி என்று பெயர். ஒரு மாலைக்கு நூறு முறையாவது விழுவோம். வீட்டுக்குப் போகும்போது முன்கை இரண்டும் சிவந்து கிடக்கும்.

அந்த வயதில் அது எனக்கு அலுப்பாக இருந்தது. பெரிய பையன்கள் பக்கத்துப் பாயில் ஒருவரை ஒருவர் சுழற்றிப் போடுவதைப் பார்த்துக்கொண்டே, நான் எப்போது அங்கே போவேன் என்று காத்திருப்பேன். இப்போது எனக்கு 61. மெதுவான அசைவுகளாலான சீனத் தற்காப்புக் கலை தாய் சி. அதைக் கற்றுத்தர ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே காரணத்துக்காகத்தான் வருகிறார்கள்: கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயம். என் ஜூடோ மாஸ்டர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த விஷயத்திலேயே நான் திரும்ப வந்து நிற்கிறேன்.

அந்த வகுப்பில் நாங்கள் பெண் பிள்ளைகள் இரண்டே பேர். பெண்களுக்கு அப்போது உலக ஜூடோ போட்டியே கிடையாது. ஆண்களுக்கு 1964-இலேயே ஒலிம்பிக்கில் ஜூடோ வந்துவிட்டது. பெண்களின் முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1980-இல் நியூயார்க்கில் நடந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் பதக்கத்துக்காக ஆடியது 1992-இல்தான். ஒருநாள் எங்கள் மாஸ்டர் கெய்கோ ஃபுகுடாவைப் பற்றிச் சொன்னார். ஜூடோவை 1882-இல் உருவாக்கிய கானோ ஜிகோரோவுக்கு ஜூஜுட்சு கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் அந்த அம்மாவின் தாத்தா. கானோவே ஃபுகுடாவைப் பயிற்சிக்கு அழைத்தார். கறுப்பு பெல்ட்டில் ஐந்தாம் டான் என்ற படிக்கு மேல் பெண்களுக்குக் கிடையாது என்ற வழக்கத்தால் பல வருடம் அங்கேயே நிறுத்தி வைக்கப்பட்டு, 1972-இல்தான் ஆறாம் டான் பெற்றார். 2011-இல் அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் டான் கொடுத்தபோது அவருக்கு 98 வயது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அழுதேன். 98 வயது வரை பாயை விட்டுப் போகாத ஒருவர் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

ஜூடோவில் ஒரு சொல் உண்டு: குசுஷி. எதிராளியின் சமநிலையைக் கலைப்பது. தூக்கிப் போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஓசோதோ கரி என்ற எறிதலை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு, எதிராளியின் வலது காலை என் வலது காலால் பின்னாலிருந்து வாரிவிடுவது போல இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்து ஒரு வருடம் வாரிக்கொண்டிருந்தேன். யாரும் விழவில்லை, நான்தான் விழுந்தேன். விஷயம் காலில் இல்லை. அதற்கு முன்னாலேயே அவருடைய சட்டைக் கையைக் கீழே இழுத்து, மார்பைப் பின்பக்கமாகச் சாய்த்து, மொத்த எடையும் அந்த வலது குதிகால் மேல் வந்து உட்காரும்படி செய்திருக்க வேண்டும். எடை வந்துவிட்டால் அந்தக் காலை அவரால் தூக்க முடியாது, அப்போது வாரினால் மரம் சாய்வது போலச் சாய்வார். எடை வராத காலை வாரினால் நான் ஒற்றைக் காலில் நிற்பேன், அவர் என்னைப் போட்டுவிடுவார்.

எடை எந்தக் காலில் இருக்கிறது? 14 வயதில் இந்தக் கேள்வி என் உடம்புக்குள் புகுந்தது. சாலையில் நடக்கிறவர்களைப் பார்த்தால்கூட அதைத்தான் பார்ப்பேன். இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

20 வயதில் கராத்தேவுக்குப் போனேன். என் எடைப் பிரிவில் மோதுவதற்குப் பெண்களே கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். கராத்தேவில் கட்டா என்ற அசைவு வரிசை இருக்கிறது, தனியாகவே வருடக்கணக்கில் பயிற்சி செய்யலாம் என்பது இன்னொரு காரணம். இரண்டும் நான் நினைத்த அளவுக்குத் தூரம் இல்லை என்று அப்புறம் தெரிந்தது. ஒகினாவாவிலிருந்து ஃபுனகோஷி கிச்சின் 1922-இல் டோக்கியோவுக்கு வந்து கராத்தேவைக் காட்டியபோது, தன் ஜூடோ பள்ளியான கோடோகனில் செய்துகாட்டும்படி அவரை அழைத்தவர் இதே கானோதான். கராத்தேக்காரர்கள் போடும் வெள்ளை உடையும் கட்டும் பெல்ட்டும் ஜூடோவிலிருந்து போனவை.

கராத்தேயை நான் மனதார நேசித்தேன். நாற்பது பேர் ஒரே நேரத்தில் கால் மாற்றி நிற்கும்போது தரையில் எழும் அந்த ஒற்றைச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குத்தின் பலம் தோளில் இல்லை, இடுப்பு திரும்புவதில்தான் இருக்கிறது என்பதை அங்கேதான் கற்றேன். ஹெய்யான் ஷோடான் என்ற முதல் கட்டாவில் 21 அசைவுகள். வேகமாகச் செய்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. அதை எத்தனை ஆயிரம் முறை செய்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கறுப்பு பெல்ட் வாங்கினேன், சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன்.

முழங்கால் போனதும் அங்கேதான்.

இதை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இன்றும் இப்படிப் பயிற்சி நடப்பதைப் பார்க்கிறேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் கூடத்தை வாத்து நடையில் மூன்று சுற்று வரச் சொல்வார். முழங்காலை முழுவதும் மடக்கி, குந்திய நிலையில், உடம்பின் எடை மொத்தத்தையும் அதன் மேல் வைத்துக்கொண்டு தத்தித் தத்தி நடப்பது. சில நாள் அப்படியே தவளைத் தாவல். வலிக்கிறது என்று சொன்னால் வலி மனதில்தான் இருக்கிறது என்பார். நான் நம்பினேன். இடது முழங்கால் உள்பக்கம் மாதக்கணக்கில் வலித்ததை யாரிடமும் சொல்லாமல் கட்டுப் போட்டுக்கொண்டு போனேன். 32 வயதில், ஒரு சாதாரண மாலையில், ஒரு சாதாரணக் குத்துப் பயிற்சியில், இடுப்பு முழு வேகத்தில் திரும்பியது, முன்னால் ஊன்றியிருந்த இடது பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றது. இடையில் இருந்த முழங்கால்தான் அந்தத் திருப்பத்தை வாங்கியது. துணி கிழிவது போல ஒரு சத்தம் உள்ளே கேட்டது.

முழங்காலை ஒரு கதவுக் கீல் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். மடங்கும், நீளும். திரும்புவதற்கு அதில் மிகக் கொஞ்சம்தான் இடமுண்டு. திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு, அதுதான் உருண்டையாக இருக்கிறது. பாதம் ஊன்றியபடி, எடையோடு, முழங்காலைத் திருப்பினால் எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் நசுங்கும். எனக்குக் கிழிந்தே போனது. கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். இனி குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, ஆழமாக உட்காரக் கூடாது என்றார் டாக்டர். இருபது வருடமாக என் உடம்பு செய்துகொண்டிருந்தது எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தது.

இரண்டு வருடம் எதுவும் செய்யவில்லை. அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

34 வயதில் ஒரு தோழி தாய் சி வகுப்புக்குக் கூட்டிப்போனாள். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், ஒல்லியான உடம்பு, பத்துப் பன்னிரண்டு பேர். முதல் வகுப்பில் நிற்கச் சொன்னார். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு பெரிய பந்தை அணைத்திருப்பது போலக் கைகளை நெஞ்சுக்கு முன்னால் வைத்து, அப்படியே பத்து நிமிடம். ஜான் ஜுவாங் என்பார்கள், நட்ட கம்பம் போல நிற்பது. மூன்றாவது நிமிடத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது. ஐந்தாவது நிமிடத்தில் தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறிவிட்டன. அவர் பின்னால் வந்து தோள் மேல் இரண்டு விரலை வைத்தார். அழுத்தவில்லை, வெறுமனே வைத்தார். தோள் தானாக இறங்கியது. நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கராத்தே கற்ற பன்னிரண்டு வருடமும் அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் நடக்கச் சொன்னார். என் வாழ்க்கையை மாற்றியது அந்த நடைதான், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

இடது காலில் முழு எடையும் வைத்து, முழங்காலை லேசாக மடக்கி நின்றேன். வலது காலைத் தூக்கி, ஒரு அடி முன்னால், குதிகாலை மட்டும் தரையில் வை என்றார். வைத்தேன். குனிந்து பார்த்தால், நான் குதிகாலை வைத்த இடத்தில் அவர் முன்கூட்டியே ஒரு தாளைப் போட்டிருந்தார். பழைய நோட்டிலிருந்து கிழித்த சாதாரணத் தாள். அதன் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தார். கிழிந்தது. இன்னொரு தாள், மறுபடி வை என்றார். அதுவும் கிழிந்தது. அன்று எட்டுத் தாள் கிழிந்தது. ஒன்பதாவதை இழுத்தபோது, பாதம் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்க, தாள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

“இதுதான் வெறுங்கால். இப்போது எடையைக் கொண்டு போ” என்றார்.

நம்மில் யாரும் நடக்கும்போது காலை வைப்பதில்லை. விழுகிறோம். உடம்பை முன்னால் தள்ளிவிட்டு, விழுவதற்குள் அடுத்த காலை அவசரமாகக் கொடுத்துத் தாங்கிக்கொள்கிறோம். தரை சமமாக இருந்தால், காலில் பலம் இருந்தால், இது போதும். ஈரத் தரையாக இருந்தால், இருட்டில் ஒரு படி குறைவாக இருந்தால், அந்தக் கால் வந்து தாங்காது. தாய் சி நடையில் முதலில் காலை வைக்கிறோம். அது நல்ல இடம்தானா என்று குதிகால் பார்க்கிறது. சரி என்றால்தான் எடை போகும். சரியில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் எதையும் இன்னும் அதில் வைக்கவில்லை. ஜூடோவில் எதிராளியின் காலில் தேடிய விஷயத்தை இங்கே என் காலிலேயே தேடச் சொன்னார்கள்.

யாங் பாணித் தாய் சியின் ஆசான் யாங் செங்ஃபூ சொல்லி, அவர் சீடர் எழுதிவைத்த பத்து அடிப்படைகள் தாய் சி உலகில் எல்லோருக்கும் தெரியும். அதில் நான்காவது இதுதான்: வெறுமையையும் நிறைவையும் பிரித்து அறி. இரண்டு காலிலும் பாதிப் பாதி எடையோடு நின்றால் எந்தப் பக்கமும் உடனே நகர முடியாது, யாராவது தள்ளினால் மொத்தமாகப் போக வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலர் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாய் சியில் வரும் ‘சி’, உயிர்மூச்சு என்று பேசப்படும் ‘சி’ இல்லை. இரண்டும் சீன மொழியில் வேறு வேறு எழுத்து. ‘தாய் சி’ என்றால் உச்ச எல்லை, யின்னும் யாங்கும் பிரிகிற இடம். முழுப் பெயர் தாய்சிசுவான், அதில் கடைசியில் இருப்பது முஷ்டி. முஷ்டி என்ற சொல் பெயரிலேயே இருக்கிற கலை இது. தொடாமலே ஆளைத் தூக்கி எறிகிறேன் என்று காட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. நிஜமாகவே இருப்பதைக் கற்க ஒரு ஆயுள் போதவில்லை, இல்லாததை ஏன் சேர்க்க வேண்டும்?

யாங் பாணியின் நீண்ட அசைவு வரிசையைக் கற்று முடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. எண்ணுகிற முறையைப் பொறுத்து 85, 103, 108 என்பார்கள், வரிசை ஒன்றுதான். செய்ய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்காத மாணவரே கிடையாது. வேகம் தப்பை மறைத்துவிடும், அதனால்தான். கட்டாவில் ஒரு திருப்பத்தில் எனக்குச் சமநிலை தவறினால், அடுத்த அசைவு அதை மூடிவிடும், எனக்கே தெரியாது. இங்கே ‘மேகம் போல் கைகள்’ என்ற அசைவில் இடமிருந்து வலமாக எடை போவதற்கே ஐந்தாறு வினாடி ஆகும். நடுவில் எங்கே தசை இறுகுகிறது, எங்கே மூச்சு நிற்கிறது, எல்லாம் தெரிந்துவிடும். ‘பொற்சேவல் ஒற்றைக் காலில்’ என்று ஒரு நிலை. அதில் ஆடாமல் நிற்க எனக்கு மூன்று வருடம் ஆனது, கறுப்பு பெல்ட் வாங்கிய எனக்கு.

துய்ஷோ ஆரம்பித்தது மூன்றாவது வருடத்தில். இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டுகளை ஒட்டவைத்து, பிரியாமல் சுற்றுவது. அதில் தள்ளலாம், இழுக்கலாம். எனக்கு அப்போது 37, அவருக்கு 75 இருக்கும். ஜூடோவில் எட்டு வருடம் பிடித்தவள் நான், அவர் கையைத் தொட்டதும் என் உடம்பு பழையபடி தயாராகிவிட்டது. ஒரு வாய்ப்புத் தெரிந்தது, நெஞ்சைப் பார்த்துத் தள்ளினேன். அங்கே நெஞ்சு இல்லை. என் கை நேராகத்தான் போனது, அவர் கையும் என் கையோடு ஒட்டித்தான் இருந்தது, ஆனால் தாங்கிக்கொள்ள எதுவும் இல்லாத ஒரு பள்ளத்துக்குள் என் எடை போய்க்கொண்டே இருந்தது. அடுத்து என் தோளில் அவர் கை பட்டது, சின்னப் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. நான் நாலடி தள்ளிப்போய்ச் சுவரில் கை ஊன்றினேன்.

“தள்ளும்போது உன் பின்குதிகால் தரையில் இல்லை. நீயே கிளம்பிவிட்டாய், நான் வழியனுப்பினேன்” என்றார்.

குசுஷிதான். 14 வயதில் கற்ற அதே குசுஷி. இழுக்காமல், சட்டையைப் பிடிக்காமல், என்னையே கொண்டு செய்தார். நான்கு லியாங்கால் ஆயிரம் ஜின்னை நகர்த்துவது என்று பழைய துய்ஷோ பாட்டில் ஒரு வரி வருகிறது. இரண்டும் பழைய சீன எடை அளவுகள். பதினாறு லியாங் சேர்ந்தால்தான் ஒரு ஜின். பெரிய எடை ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தால்தான் அந்தக் கணக்கு நடக்கும். அன்று நகர்ந்துகொண்டிருந்தது நான்.

தளர்த்து, தளர்த்து என்று அவர் ஓயாமல் சொல்வார். சீனச் சொல் ‘சோங்’. நான் முதலில் தொய்ந்துபோய்க் காட்டினேன். அதற்கும் திட்டு விழுந்தது. இன்றைய சீன எழுத்தில் சோங் என்ற தளர்வுக்கும் பைன் மரத்துக்கும் ஒரே எழுத்துதான். மரம் தொய்வதில்லை. வேரிலிருந்து உச்சிவரை நிமிர்ந்துதான் நிற்கிறது, கிளைகள் மட்டும் தம் எடைக்குத் தொங்குகின்றன. இதை யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உள்ளே ஏதோ பிடிபட்டது. எலும்பு நிற்க வேண்டும், தசை அதில் தொங்க வேண்டும்.

2009-இல், தாய் சியின் இன்னொரு பாணியான சென் பாணி கற்க ஆரம்பித்த பிறகு, ஒருமுறை சீனாவில் சென்ஜியாகோவ் போய்வந்தேன். ஹெனான் மாகாணம், வென் மாவட்டம், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே சமதரையில் ஒரு கிராமம். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்டிங்கிலிருந்து இந்தக் கலை அங்கே தொடங்குகிறது என்று சென் குடும்பத்தார் சொல்கிறார்கள். குடும்பத்துக்கு வெளியே சொல்லித்தராத காலத்தில், சென் சாங்ஷிங்கிடம் வெளியாளான யாங் லூசான் கற்றுக்கொண்டு, பெய்ஜிங் போய் யாங் பாணிக்கு வழி போட்டார். பத்து அடிப்படைகளைச் சொன்ன யாங் செங்ஃபூ அவருடைய பேரன். லூசான் சுவர் இடுக்கு வழியாக ஒளிந்து பார்த்துக் கற்றார் என்று ஒரு கதை உண்டு. அவர் கற்ற இடம் என்று ஒரு முற்றத்தை இன்றும் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு மூலையில் நின்றேன். என் மாஸ்டரின் கை என் தோளில் பட்டதே, அந்தத் தொடுகை அந்த முற்றத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

அங்கே என்னை அதிகம் தொட்டது வேறொருவரின் கதை. சென் ஜாவ்பி. 1893-இல் பிறந்தவர், பெய்ஜிங்கிலும் நான்ஜிங்கிலும் கற்றுத்தந்தவர். 1958-இல் ஊர் திரும்பிப் பார்த்தால், பஞ்சமும் போரும் தின்றது போக, அந்தக் கிராமத்திலேயே கலையை முறையாகச் செய்கிறவர்கள் அநேகமாக இல்லை. அறுபதைத் தாண்டிய வயதில் ஊரிலேயே தங்கி இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கலாசாரப் புரட்சி வந்தபோது அதற்கும் தடை வந்தது, ஒளிந்து பயிற்சி செய்தார்கள். அவர் 1972-இல் இறந்துபோனார். அவரிடம் பழகிய அந்தத் தலைமுறையிலிருந்து வந்தவர்கள்தான் சென் சியாவ்வாங், சென் ஜெங்லெய், வாங் சியான், ஜூ தியான்சாய். உலகமெங்கும் இன்று சென் பாணி இருப்பதற்கு இவர்கள் பெரிய காரணம். 2020-இல் யுனெஸ்கோ தாய்சிசுவானைக் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது எல்லோரும் வாழ்த்து அனுப்பினார்கள். எனக்கு ஊர் திரும்பிய அந்தக் கிழவரின் நினைப்புதான் வந்தது.

நான் கற்றுத்தரத் தொடங்கியது 2003-இல். முதல் இரண்டு வருடம் சரியாகச் செய்யவில்லை. சீன அரசின் விளையாட்டுக் குழு 1956-இல் யாங் பாணியிலிருந்து சுருக்கி உருவாக்கிய 24 அசைவு வரிசையைத்தான் சொல்லித்தந்தேன். ஐந்தாறு நிமிடத்தில் முடியும், புதியவர்களுக்கு ஏற்றது. ஆனால் கராத்தே பிள்ளைகளுக்கு எடுத்த மாதிரியே எண்ணி எண்ணி எடுத்தேன். வாரத்துக்கு மூன்று அசைவு, அடுத்து, அடுத்து. இரண்டு பேர் முழங்கால் வலி என்று நின்றார்கள். அப்போது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் முழங்காலைக் கெடுத்ததையே நான் வேறு உருவத்தில் செய்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு விதி உண்டு: எடை இருக்கும் பாதத்தைத் திருப்பக் கூடாது. பின்காலுக்கு எடையை எடு, முன்பாதம் வெறுமையானதும் திருப்பு, திரும்ப எடையைக் கொண்டுவா. முழங்கால் எப்போதும் கால்விரல் காட்டும் திசையிலேயே இருக்கட்டும், விரலைத் தாண்டிப் போக வேண்டாம். எடையோடு திருப்புவதுதான் சண்டைக்குச் சரியான முறை என்று வாதிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 25 வயதுக்காரருக்கு இருக்கலாம். என்னிடம் வருகிறவர்களுக்குக் கூடாது.

2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. பார்க்கின்சன்ஸ் நோய் உள்ள 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், 24 வாரம். ஒரு குழுவுக்குத் தாய் சி, ஒன்றுக்கு எடைப் பயிற்சி, ஒன்றுக்கு ஸ்ட்ரெச்சிங். நிலையாக நிற்பதில் தாய் சி குழு மற்ற இரண்டையும்விட நன்றாகச் செய்தது, ஸ்ட்ரெச்சிங் குழுவைவிடக் குறைவாக விழுந்தது. நோயை அது குணமாக்காது, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த வருடத்திலிருந்து டாக்டர்களே ஆட்களை அனுப்ப ஆரம்பித்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கதவு நிலைப்படி வந்தால் அவர் கால் தரையில் ஒட்டிக்கொண்டுவிடும். பார்க்கின்சன்ஸில் இது சாதாரணம், குறுகலான இடத்தில் நடை உறைந்துவிடும். முன்னால் போக முயற்சி செய்யச் செய்ய மேல் உடம்பு மட்டும் முன்னால் போகும், கால் வராது. விழுவதே அதனால்தான். நான் அவரிடம் முன்னால் போகும் எண்ணத்தையே விடச் சொன்னேன். நிலைப்படியில் நின்று, எடையை இடது பக்கம் கொண்டு போங்கள் சார். வலது பக்கம். திரும்ப இடது பக்கம், முழுவதும், வலது கால் வெறுமையாகும் வரை. இப்போது அந்தக் காலை வையுங்கள். அது வந்தது. ‘மேகம் போல் கைகள்’ தான், கை இல்லாமல். வகுப்புக் கூடத்தின் வாசலில் நின்று அரை மணி நேரம் உள்ளேயும் வெளியேயும் போய்வந்தோம். அடுத்த வாரம் அவர் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றார்.

ஜூடோவும் என் வகுப்புக்குள் வந்துவிட்டது. வயதானவர்களைத் தூக்கிப் போட முடியாது, கையால் பாயை அறையவும் சொல்ல மாட்டேன், மணிக்கட்டு உடையும். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரு வகுப்பில் தரையில் இறங்கி ஏறுவது மட்டும்தான். நாற்காலியைப் பிடித்து ஒரு முழங்கால், அடுத்த முழங்கால், பக்கவாட்டில் உட்கார்ந்து, படுத்து, புரண்டு, மறுபடி எழுந்து. தரைக்குப் போய்த் திரும்ப வர முடியும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பயத்தில் இறுகிப்போய் நடக்கிறவர்கள்தான் எளிதாக விழுகிறார்கள்.

நான் தினமும் காலையில் இருபது நிமிடம் நிற்கிறேன், அப்புறம் நீண்ட வரிசை ஒருமுறை. இடது முழங்கால் மழைக்காலத்தில் கொஞ்சம் முனகும், அதைப் பார்த்து ஆழத்தைக் குறைத்துக்கொள்வேன். என் மாஸ்டர் போய் 14 வருடம் ஆகிறது. வரிசையின் சில இடங்களில் தோளில் அந்த இரண்டு விரல் இன்னும் படுகிறது.

போன மாதம் ஒரு அம்மா சேர்ந்தார். 74 வயது. போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து சுவரைப் பிடிக்காமல் நடந்ததே இல்லையாம். முதல் மூன்று வகுப்பும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எடையை மாற்றினார், அவ்வளவுதான். நேற்று, ஒரு கை நாற்காலி மேல் இருக்க, வலது காலைத் தூக்கி முன்னால் குதிகாலை வைக்கச் சொன்னேன். அந்த இடத்தில் ஒரு தாள் போட்டிருந்தேன். குனிந்து இழுத்தேன். கிழிந்தது.

“கிழிச்சிட்டேனே மாஸ்டர்” என்றார்.

“அதுக்குத்தாம்மா ஒரு கட்டு வச்சிருக்கேன்” என்று அடுத்ததைப் போட்டேன்.

ஐந்தாவது தாளுக்கு அவர் மூச்சை வெளியே விட்டது எனக்குக் கேட்டது. தோள் இறங்கியது. இடது தொடை எடையை வாங்கிக்கொண்டு லேசாக நடுங்கியது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், தாள் முழுசாக என் கையில் வந்தது. நிமிர்ந்து பார்த்தால், நாற்காலி மேல் இருந்த கை அங்கே இல்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“சரி, அடுத்த காலுக்குப் போடுங்க” என்றார்.